டி-டைமர் பற்றிய அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "டி-டைமர் கூடியிருந்தால் ரத்தம் கசியும் அபாயம் அதிகம், ரத்தத்தை இளக்கும் மருந்தைத் தவிர்ப்பதே நல்லது" என்று ஒரு வரி. டி-டைமர் என்பது ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஓர் அளவு. நான்கு நாளாக அது மனதை விட்டு இறங்கவில்லை.

என் மகளுக்குப் பிரசவமாகி 12ஆம் நாள் தலைவலி பிடித்தது. பச்சை உடம்பு, தூக்கம் கெட்டிருக்கிறது என்றார்கள். டி-டைமர் கூடியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அது கூடத்தான் இருக்கும் என்று அதையும் ஒதுக்கினார்கள். மூன்றாம் நாள் வலிப்பு. மண்டை உச்சியில் ஓடும் பெருஞ்சிரையில் அடைப்பு, அதையொட்டி ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் தெரிந்தது. நரம்பியல் மருத்துவர் ஹெப்பாரின் போட வேண்டும் என்றார். கசிகிற மூளைக்கு ரத்தத்தை இளக்கும் மருந்தா என்று நான் கையெழுத்துப் போட மறுத்தேன். இதே போன்ற வரிகளை உங்கள் பத்திரிகையில் படித்து வளர்ந்தவன் நான். அந்த இரவு என்னால் வீணானது.

விடியும்போதுதான் எனக்கு உறைத்தது. மூளையிலிருந்து ரத்தம் வடியும் வழி அடைபட்டதால் அழுத்தம் பின்னுக்கு ஏறி நுண்குழாய்கள் கசிகின்றன. அடைப்பு வளராமல் தடுத்தால்தான் கசிவுக்கும் விடிவு. டி-டைமர், உறைந்த கட்டி கரையும்போது உதிரும் துணுக்கு. எங்கோ கட்டி இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். மருந்தை நிறுத்தச் சொல்லும் உத்தரவு அல்ல. தலைவலி மட்டும் உள்ள சிலருக்கு அது கூடாமலே இருப்பதும் உண்டு. ஜெர்மன் மருத்துவர்கள் 1991லேயே வெளியிட்ட கணக்கு இருக்கிறது: கசிவோடு வந்தவர்களில் ஹெப்பாரின் பெற்ற 27 பேரில் இறந்தவர்கள் 4, பெறாத 13 பேரில் 9. பழைய மருத்துவக் குறிப்புகளிலிருந்து எடுத்த சிறிய கணக்குத்தான். ஆனாலும் இன்றுவரை சிகிச்சை நெறிகள் அந்தப் பக்கமே நிற்கின்றன.

2021இல் சில கொரோனா தடுப்பூசிகளுக்குப் பின் மிகச் சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, டி-டைமர் மிக உயர்ந்து, மூளைச் சிரை அடைத்தது. அவர்களுக்கு ஹெப்பாரினைத் தவிர்க்கச் சொன்னார்கள். அதற்குப் பதில் வேறு உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். கட்டுரையாளர் அதை எல்லோருக்கும் பொருத்திவிட்டார் என்றே நினைக்கிறேன். தட்டணு எண்ணிக்கையைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதவில்லையே! ரத்தம் கசியுமா என்று கேட்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தானே?

தாய்மைச் சிறப்பிதழில் தலைவலிக்கு "ஓய்வே மருந்து" என்று போட்டபோதும் எழுதினேன். பதில் இல்லை. கருத்தடை மாத்திரை பற்றிய தொடரில் இந்த நோய் ஒரு வரியாகக்கூட வரவில்லை, அப்போதும் எழுதினேன். பெண்களுக்கே அதிகம் வருகிற நோய் இது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

மகள் தேறிவிட்டாள். வலது கைப் பிடி மட்டும் இன்னும் தளர்வு. குழந்தையை இடது கையால்தான் தூக்குகிறாள்.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ரத்த அளவுகளை அச்சிடும்போது எந்த அலகு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டி-டைமரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்