அந்தப் பெண்களுக்குப் பேசத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க மகளிர் சங்கங்களுக்குச் சுகாதாரப் பிரசாரப் பயிற்சி கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'மக்களிடம் எப்படிப் பேசுவது என்பதையே இந்தப் பெண்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியிருக்கிறது' என்ற வரியைத் தாண்டி மனம் போக மறுக்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாக உங்கள் வாசகி நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1993 முதல் ஏழு வருடம் உகாண்டாவில், கம்பாலாவுக்கு வெளியே ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தேன். எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு புகுந்திருந்த காலம். ஆளை உருக்கிவிடுகிற நோய் என்பதால் 'ஸ்லிம்' என்றே அங்கே பெயர். ஒருநாள் நகரத்திலிருந்து பயிற்சியாளர்கள் வந்து, ஆங்கில எழுத்து போட்ட பட அட்டைகளை விரித்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். சங்கத்துப் பெண்கள் முப்பது பேர் மாமரத்தடியில் வாயே திறக்கவில்லை. 'ஆர்வமில்லை' என்று எழுதிக்கொண்டு பயிற்சியாளர்கள் கிளம்பினார்கள்.

வண்டி போன பிறகு ஒரு வயதான அம்மா பாயை இழுத்துப் போட்டு இளம்பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அந்த ஊரில் பலருக்கு 'செங்கா', அதாவது அப்பாவின் சகோதரி. நம் அத்தைதான். படுக்கையறை விஷயங்களைப் பெண்ணிடம் தாய் பேசுவது அங்கே வழக்கமில்லை. அது செங்காவின் பொறுப்பு. ஒரு மணி நேரம் பேசினார். பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பக்கத்திலிருந்த நர்ஸ் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒரே ஒரு தப்பு: உடம்பு தளதளவென்று இருப்பவனுக்கு இந்த நோய் இருக்காது என்றார். அப்புறம் தனியாக விளக்கினேன். அடுத்த கூட்டத்தில் அவரே அதைத் திருத்திச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சி அவ்வளவுதான்.

கணவரை எய்ட்ஸில் பறிகொடுத்த நோரீன் கலீபா எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் 'டாஸோ' அமைப்பை 1987-இல் தொடங்கியதும் இதே உகாண்டாவில்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் கட்டுரையில் அவர் பெயரைக் காணோம். ஜிம்பாப்வே பாட்டிமாரையும் காணோம். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரைக் கொண்டு மரப்பெஞ்சில் ஆலோசனை சொல்லும் திட்டத்தைத் தொடங்கினார். 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் அந்தப் பாட்டிமார்தான். அதனால்தான் அது 'நட்பு பெஞ்சு' ஆனது. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை விட்டுவிட்டு, அளவுக்கு மீறி யோசிப்பதைக் குறிக்கும் 'குஃபுங்கிசிசா' என்ற ஷோனா மொழிச் சொல்லையே அங்கே சொல்கிறார்கள். யார் யாருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள்?

இன்னொன்றும் மனதில் வெகுநாளாகக் கிடக்கிறது. 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது, பிணத்தைக் குளிப்பாட்டுவது மூடநம்பிக்கை என்று எழுதினீர்கள். நம் வீடுகளில் குளிப்பாட்டாமலா அனுப்புகிறோம்? இறந்த உடம்பிலிருந்து நோய் தொற்றியது உண்மை. ஆனால் 'எபோலாவுக்கு மருந்தில்லை' என்று முதலில் தட்டி எழுதி வைத்தவர்கள் படித்தவர்கள். மருந்தில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கவும் ஜெபிக்கவும் இடம் கொடுத்த பிறகுதான் அடக்கக் குழுக்களை ஊருக்குள் விட்டார்கள். 11,000 பேருக்கு மேல் செத்துப்போன நோய் அது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சடிப்பதற்கு முன்னால் படத்தை நாலு பெண்களிடம் காட்டிக் கேளுங்கள். அவர்கள் மொழியில் சரியான தகவலைக் கொடுங்கள். வானொலியில் நேரம் கொடுங்கள், பஸ் காசு கொடுங்கள். நான் பழகிய சங்கங்கள் கேட்டதெல்லாம் இவைதான்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். படத்துக்குக் கீழே 'ஆப்பிரிக்கப் பெண்கள்' என்று மட்டும் இருக்கிறது. 54 நாடுகள் உள்ள கண்டம் ஐயா அது. அடுத்த முறை எந்த நாடு, எந்த ஊர் என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.