முட்டைக்குள் மூலிகைச் சாறு

நிபோங் திபால், பினாங்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இளையவளுக்கு ஆண் குழந்தை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தைப்பூசத்துக்கு இந்த வருஷமும் தண்ணீர்மலை ஏறினோம். என் முழங்கால் தாங்கிக்கொண்டது.

சுங்கை பூலோவில் பொரியும் கம்போங் கோழிக் (நாட்டுக்கோழி) குஞ்சுகள் சோர்ந்து நிற்கின்றன, கருஞ்சீரகச் சாற்றை ஊசியால் முட்டைக்குள் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். அப்படி ஒரு முறை இருப்பது உண்மைதான். பெரிய பொரிப்பகங்களில் அடைவைத்த 18ஆம் நாள் வாக்கில், மாரெக் என்ற கோழி வைரஸ் நோய்க்கு முட்டைக்குள்ளேயே தடுப்பூசி போடுகிறார்கள். அதே வழியில் கருஞ்சீரகம், ஒரிகானோ, மஞ்சள் என்று பலவற்றின் சாற்றையும் ஆராய்ச்சியில் செலுத்திப் பார்க்கிறார்கள். பொரிவதற்கு முன் குஞ்சு தன்னைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரை விழுங்கும். அதில் கலந்தது குடலுக்குப் போய்ச் சேரும். 20ஆம் நாள் வாக்கில் அது நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும்போது, உடம்பில் இருக்கும் கொழுப்பு ஆக்ஸிஜனால் கெடாமல் காக்கவும் ஏதாவது வேண்டும். இந்த இரண்டையும் நினைத்துத்தான் தாவரச் சாற்றைத் தேடுகிறார்கள். தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை ஐரோப்பா 2006இல் அடியோடு நிறுத்திவிட்டதே!

ஆனால் நீ வீட்டில் இதைச் செய்யவே கூடாது. சாறு கெட்டியாக இருந்தால் கரு செத்துப்போகலாம். எண்ணெய்ச் சத்து தண்ணீரில் சேராது, எந்த முட்டைக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது. ஓட்டில் போட்ட துளை கிருமிக்குத் திறந்த வாசல். 37.5 டிகிரி சூட்டிலும் ஈரத்திலும் பூஞ்சை பிடித்தால் பக்கத்து முட்டைகளும் போய்விடும்.

உனக்கு ஊசியே தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தாய்க்கோழிக்கு முருங்கைக்கீரையும் மஞ்சள் சோளமும் தாராளமாகப் போடு. அவற்றில் உள்ள கரோட்டின் வகைச் சத்துகளும் வைட்டமின் ஈயும் மஞ்சள் கருவுக்குப் போகும், அங்கிருந்து குஞ்சின் ஈரலுக்குப் போகும். தாய் அளந்து கொடுப்பதுபோல் நம்மால் அளக்க முடியாது, செல்வம்.

இன்னொன்று. முட்டைகளை எத்தனை நாள் சேர்த்து வைத்து அடைக்கு வைக்கிறாய்? நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துப் பலவீனமாகிவிடும். ஏழு நாளுக்கு மேல் வைக்காதே. 18 டிகிரி அளவில் குளிர்ச்சியான இடம் பார். என் சந்தேகம் பெரும்பாலும் இதன் மேல்தான்.

அடுத்த குஞ்சுகள் பொரிந்ததும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தொப்புள் நன்றாக மூடியிருக்கிறதா, கால் உறுதியாக நிற்கிறதா, மல்லாக்கக் கிடத்தினால் சட்டென்று புரண்டு எழுகிறதா என்று பார்த்து எழுது. சித்திரைக்குப் பிறகு கோலாலம்பூர் வருகிறேன். நிலத்துக்குச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

அன்புடன்,
மாணிக்கம்