விவசாயிங்க சங்க ஆண்டறிக்கை: டேங்கர் கவுந்த கொல்லையும் மத்த விஷயங்களும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைவர், பொருளாளர், கமிட்டிக்காரங்க, மெம்பருங்க, அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் இருந்துகிட்டு கூட்டத்துக்கு வராதவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான்.

வழக்கமான விஷயத்த மொதல்ல முடிச்சிடுறேன். மாசக் கூட்டம் நடந்துச்சு, தை மாசம் மட்டும் கல்யாணம் காதுகுத்துன்னு ஆள் சேரல. வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு, கேள்வி இருந்தா அவரையே கேளுங்க, எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் போடாதீங்க. சொட்டுநீர் மானியத்துக்கு மனு போட்டதுல பாதிப் பேருக்கு பைப்பு வந்துருச்சு, மீதிப் பேரு சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதடவ பாத்துக்குங்க. தக்காளி வெலையப் பத்தி நான் எழுதல, பாலக்கோடு மண்டிக்கு போயிட்டு வந்தவங்களுக்கு தெரியும்.

இனி இந்த வருஷம் நம்மள அலையவிட்ட விஷயம். தொப்பூர் கணவாய் எறக்கத்துல வண்டி கவுறது நமக்கு புதுசு கிடையாது, என்எச் 44-ல போற லோடு பூரா அந்த வளைவுலதான் எறங்கணும், பிரேக் சூடாகி புடிக்காம போச்சுன்னா முடிஞ்சுது கத. ஆனா இந்த தடவ கவுந்தது டீசல் டேங்கர், கவுந்த எடம் நம்ம மெம்பர் ஒருத்தரோட கொல்லை. டிரைவர் பொழச்சுகிட்டாரு, அது பெரிய நிம்மதி. கால் மணி நேரத்துல கேன், கொடம், பக்கெட்டுன்னு சனம் எறங்கிருச்சு, அதுல நம்ம ஊர் ஆளுங்களும் உண்டு, பேர் சொல்லல. இத படிக்கிற எளவட்டப் பசங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும், டேங்கர் பின்னாடி ஒரு போர்டுல 1202-ன்னு இருந்தா டீசல், 1203-ன்னு இருந்தா பெட்ரோல். பெட்ரோலா இருந்து ஒருத்தன் பீடி பத்த வச்சிருந்தான்னா அன்னிக்கு சங்கம் மலர்வளையம்தான் வாங்கியிருக்கணும். எந்த நம்பரா இருந்தாலும் கிட்ட போகாதீங்க.

ரோட்டுல வழுக்கக்கூடாதுன்னு தண்ணி அடிச்சு கழுவுனாங்க, அந்த தண்ணி நேரா எங்க வரும், பள்ளத்துல இருக்குற கொல்லைக்குத்தான் வரும். வண்டி கவுந்து ஊத்துனத விட கழுவுன தண்ணி பரப்புனதுதான் அதிகம்னு எனக்கு படுது. அந்த நேரத்துல செய்ய வேண்டியது என்னன்னா, மண்வெட்டிய எடுத்து வரப்பு கட்டி ஒரே எடத்துல நிறுத்தி, மரத்தூளோ தென்னைநார்க் கழிவோ கொட்டி உறிஞ்ச விட்டு, ஊறுன மண்ண தார்ப்பாய் மேல அள்ளி ஒதுக்குறது. சோப்பு, பவுடர் போட்டு கழுவவே கூடாது, எண்ணெய் கரைஞ்சு இன்னும் ஆழமா எறங்கும். கொளுத்தி விட்டா போயிரும்னு ஒரு பெரியவர் சொன்னாரு, கொளுத்துனா மேலாக்க எரியும், அடியில ஊறுனது அப்படியே கெடக்கும், மண்ணுல இருக்குற உசுரும் வெந்துரும்.

அப்புறம் மழை வந்துச்சு, மெம்பர் கேவுரு (ராகி) போட்டாரு, மொளைக்கல. மழை நல்லா பேஞ்சும் ஏன் மொளைக்கலன்னு எல்லாருக்கும் சந்தேகம். கொல்லைக்கு போயி அரை அடி தோண்டி ஒரு கை மண்ண எடுத்து நெழல்ல காய வச்சு, அது மேல ஒரு சொட்டு தண்ணி விட்டோம். நல்ல செம்மண்ணா இருந்தா அஞ்சு செகண்டுக்குள்ள இழுத்துக்கும். இங்க சொட்டு சேம்பு இலையில நிக்குற மாதிரி உருண்டு நின்னுச்சு, நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு. மண்ணோட ஒவ்வொரு பொடி மேலயும் எண்ணெய் பூசிகிட்டு தண்ணிய ஒட்டவிடல. காத்துப் போற சந்தும் அடைஞ்சு வேர் மூச்சு திணறும். தோண்டுன குழியில ஒரு மண்புழு இல்ல, பக்கத்து வரப்புல தோண்டுனா நெளியுது.

இன்னொரு கூத்து. மண் பரிசோதனைக்கு குடுத்தோம், மண்வள அட்டை வந்துச்சு, அதுல கரிமச்சத்து (எருவும் இலைதழையும் மக்கி மண்ணுல சேர்ற கார்பன்) 'அதிகம்'னு போட்டிருந்துச்சு! மெம்பர் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம நின்னாரு. விஷயம் என்னன்னா டீசலும் கரிமம்தான், டெஸ்டுல அதுவும் சேர்ந்து கணக்காயிடும், எருவுல வந்ததா எண்ணெய்ல வந்ததான்னு பிரிச்சு சொல்லாது. அட்டையில இருக்குறது மொத்தம் 12 வகை, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்துல (பொட்டாசியம்) ஆரம்பிச்சு போரான் வரைக்கும், அதுல எண்ணெய் கிடையாது. எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னா பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் டெஸ்டுன்னு தனியா கேட்டு வாங்கணும். நஷ்டஈடு பேசுறப்ப எதிர்ல உக்காந்தவரு அந்த அட்டையத்தான் தூக்கி காட்டுனாரு, மண்ணு நல்லாத்தானே இருக்குன்னு. நானும் சத்தம் போட்டுட்டுத்தான் வந்தேன்.

சரி பண்றதுக்கு என்ன செஞ்சோம்னா, நாத்தம் அடிக்கிற மேல்மண்ண அள்ளுனோம், மீதிய ரொட்டவேட்டர் ஓட்டி கிளறிகிட்டே இருந்தோம், தொழு எரு போட்டோம், கூட கொஞ்சம் யூரியா, ஈரம் காயாம லேசா தண்ணி. எண்ணெய் திங்கிற பாக்டீரியா எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும், காத்தும் ஈரமும் குடுத்தா பெருகும். ஆனா அதுங்களுக்கு கரிமம் மட்டும் பத்தாது, 100 பங்கு கரிமத்துக்கு 10 பங்கு தழைச்சத்தும் 1 பங்கு மணிச்சத்தும் வேணும்னு பொதுவா கணக்கு வைக்கிறாங்க. வெளியில இருந்து நாம குடுக்கலன்னா மண்ணுல இருக்குற தழைச்சத்த அதுங்களே இழுத்துக்கும், தப்பித்தவறி மொளைச்ச பயிரு மஞ்சளா நிக்கிறது அதனாலதான். டெல்லில இருக்குற டெரிங்கற ஆராய்ச்சி நிறுவனம் இந்த பாக்டீரியாவ கலவையாவே தயார் பண்ணி ஆயில்சாப்பர்னு பேர் வச்சிருக்காங்க, எண்ணெய் கம்பெனிங்க எடத்துல போடுறாங்க. நமக்கு எருவே போதும்னு விட்டுட்டோம். இப்ப வேலி ஓரமா வெதைச்ச கொள்ளு ஏறியிருக்கு, நடுவுல இன்னும் திட்டுத்திட்டா சொட்டையாத்தான் இருக்கு.

எண்ணெய் ஊறுன மண்ணு தேற எவ்வளவு காலம் ஆகும்னு கேக்குறவங்களுக்கு ஒரு உதாரணம். நைஜீரியாவுல ஒகோனிலாண்டுன்னு ஒரு பகுதி, எண்ணெய் பைப்லைன் ஒழுகி ஒழுகியே கெட்டுப்போன ஊருங்க. ஐநாவோட சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல அறிக்கை குடுத்துச்சு, பல எடத்துல 5 மீட்டர் ஆழத்துலயும் மண்ணுல எண்ணெய் இருந்துச்சு, முழுசா தேற 25-லிருந்து 30 வருஷம் ஆகலாம்னு. நம்ம கொல்லை அந்த அளவுக்கு இல்லதான். ஆனா கெணறு பக்கத்துல இருக்குறவங்க கவனமா இருங்க, டீசல் தண்ணிய விட லேசு, நிலத்தடி தண்ணி மேல மெதந்துகிட்டே பக்கத்து கெணத்துக்கு நகரும்.

இங்கதான் நான் கொஞ்சம் கசப்பா பேச வேண்டியிருக்கு, கோவிச்சுக்காதீங்க. டேங்கர் கவுந்தா பேப்பர்ல வருது, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல பேசுறோம். நாமளே ஊத்துறது யார் கணக்கு? டிராக்டருக்கு ஆயில் மாத்துறப்ப பழசு எங்க போகுது, கொல்லை மூலையிலதான். கரையானுக்குன்னு மாமரத்து அடியில வேஸ்ட் ஆயில் ஊத்துறோம், வரப்புல புல்லு வரக்கூடாதுன்னு ஊத்துறோம், போர் போடுற வண்டி நின்ன எடத்த போயி பாருங்க, கருப்பா வட்டம் கெடக்கும். டீசலாவது கொஞ்சம் ஆவியாயி மீதிய பாக்டீரியா தின்னும், வேஸ்ட் ஆயில் கெட்டி, லேசுல போவாது, அதுல ஈயம், துத்தநாகம், காட்மியம்னு கலந்திருக்கும், உலோகத்த எந்த பாக்டீரியாவும் தின்னு தீர்க்காது. 2016-ல வந்த அபாயக் கழிவு விதிப்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு, லைசென்ஸ் உள்ள ரீசைக்ளிங் ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும். அதனால கமிட்டி ஒரு டிரம் வாங்கி குடோன்ல வச்சிருக்கு, சாவி பொருளாளர்கிட்ட. இதுவரைக்கும் டிரம் அடி கூட நிரம்பல, ஊர்ல இருக்குற டிராக்டர் எண்ணிக்கைக்கு அது நியாயமா படல.

நஷ்டஈடு விஷயத்துல நிலவரம்: எஃப்ஐஆர் காப்பி, விஏஓ சர்டிபிகேட், போட்டோ, அடங்கல் எல்லாம் சேர்த்து மனு போட்டாச்சு, இன்சூரன்ஸ் பக்கம் இருந்து சர்வேயர் வந்து பாத்துட்டு போனதோட சரி. 1991-ல வந்த பொதுப் பொறுப்பு காப்பீட்டு சட்டம்னு ஒன்னு இருக்கு, அபாயப் பொருள் ஏத்திட்டு போறப்ப நடக்குற விபத்துக்கும் அது பொருந்தும், அதுல கலெக்டர்கிட்டயே நிவாரணம் கேக்கலாம், விபத்து நடந்து 5 வருஷத்துக்குள்ள கேக்கணும். அந்த வழியும் பாக்கலாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

கோவை பக்கம் இருக்குற இருகூர்ல இருந்து பெங்களூரு பக்கம் இருக்குற தேவனகொந்திக்கு போற எண்ணெய் பைப்லைன் திட்டத்த பத்தி கூட்டத்துல காரசாரமா பேசுனோம், எதிர்க்கிறவங்க கருத்தும் வெல பேசுங்கறவங்க கருத்தும் மினிட்ஸ்ல இருக்கு. ரெண்டு பக்கமும் ஒத்துகிட்ட ஒரே தீர்மானம், குழி தோண்டுறதுக்கு முன்னாடியே அந்தந்த சர்வே நம்பர் மண்ணையும் கெணத்து தண்ணியையும் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட கையில வச்சுக்கணும்ங்கறது. பின்னாடி ஒழுகுனா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட வேற ஆதாரம் கிடையாது.

அடுத்த வருஷத்துக்கு ரெண்டு வேலை. அந்த கொல்லையில கோடைக்கு ஒரு தடவ ஹைட்ரோகார்பன் டெஸ்ட், செலவ சங்கம் ஏத்துக்கும்னு கமிட்டி முடிவு. இன்னொன்னு ஏரி வண்டல் எடுக்க தாலுகா ஆபீஸ்ல மனு, அதுல மொத நடை அந்த கொல்லைக்குத்தான். சந்தா பாக்கி வச்சிருக்கவங்க பட்டியல் கடைசி பக்கத்துல ஒட்டியிருக்கேன், பேர் இருக்கவங்க போறதுக்கு முன்னாடி பொருளாளர பாத்துட்டு போங்க, வர்றப்ப டிராக்டர் ஆயில் கேனையும் எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்