அந்த மலை மேல் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பற்றி உங்கள் நாளிதழில் எப்போது எழுதினாலும் பெரும்பாலும் இரண்டே செய்திதான்: கண் கெட்டுப்போகும், பிள்ளை கெட்டுப்போகும். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை, அதற்காகச் சண்டை போட இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனால் ஒரு படம் வெளியானால் மறுநாளே விமர்சனம் போடுகிறீர்கள், புத்தகங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், கேம் என்று வந்தால் மட்டும் ஒரு மருத்துவரின் பேட்டியோடு முடிந்துவிடுகிறது. இருக்கிற கேம்களில் நல்லது எது, அது ஏன் நல்லது என்று யாராவது சொல்ல வேண்டாமா? யாரும் சொல்லாததால் ஒன்றைப் பற்றி நானே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’. நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்டது, தன் ஸ்விட்ச் கன்சோலுக்கும் (கேம் ஆடுவதற்கான கருவி) அதற்கு முந்தைய வீ யூவுக்கும். பழைய கேம்தான், தெரியும். 2023இல் இதன் தொடர்ச்சியே வந்துவிட்டது. இருந்தாலும் இதுவரை ஓப்பன் வேர்ல்ட் கேம் எதுவும் ஆடியிராத ஒருவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இன்றும் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஓப்பன் வேர்ல்ட் என்றால் ஒரு பெரிய நிலப்பரப்பைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்று விட்டுவிடுவது. சொல்லிக்கொள்வது அப்படி. நடைமுறையில் இந்த வகைக் கேம்கள் பலவற்றில் மேப்பைத் திறந்தால் இடம் தெரியாத அளவுக்குக் குறிகள் இறைந்து கிடக்கும். இங்கே புதையல், அங்கே எதிரி முகாம், பக்கத்தில் ஒரு மிஷன், போகும் வழிக்குத் தரையிலேயே கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடி, போன இடத்தில் சொன்னதைச் செய்து, டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். பகலில் அலுவலகத்திலும் இதைத்தான் செய்கிறோம், சம்பளம் மட்டும் இங்கே கிடையாது.

பிரெத் ஆஃப் தி வைல்டில் மேப் காலியாக இருக்கும். அங்கங்கே உயரமான கோபுரங்கள் உண்டு, ஏறினால் அந்த வட்டாரத்தின் மேடு பள்ளமும் ஆறும் பாதையும் வரைபடத்தில் வரும், அவ்வளவுதான். அங்கே பார்க்கத் தகுந்தது எது என்று கேம் வாயைத் திறக்காது. கோபுரத்தின் மேலேயே நின்று தொலைநோக்கியில் சுற்றிலும் பார்த்து, அதோ ஏதோ புகைகிறதே, அந்தப் பாறை ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று நமக்குப் பட்ட இடத்தில் நாமே குறி வைத்துக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டது நாம், குறி வைத்தது நாம், அதனால் போகிற வழியில் எத்தனை முறை செத்தாலும் கோபம் வராது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே சுருக்கம்தான். லிங்க் என்ற வீரன் 100 வருடத் தூக்கத்திலிருந்து எழுகிறான், பழசு எதுவும் ஞாபகம் இல்லை. ஹைரூல் நாடு பாழடைந்து கிடக்கிறது. அரண்மனையைக் கேனான் என்ற தீய சக்தி சூழ்ந்திருக்கிறது, இளவரசி ஜெல்டா அதை வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்கிறாள். போய்க் கேனானை ஒழிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முதலில் நாம் இருக்கும் பீடபூமியை விட்டுக் கீழே இறங்கியதும் நேராக அரண்மனைக்கே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கைதேர்ந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முழுக் கேமையும் முடித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் இளவரசியைக் காக்க வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவோம்.

அந்தப் பீடபூமியைப் பற்றிச் சொன்னால் மற்றது புரியும். அதில் பனி மூடிய ஒரு மலை உண்டு. லிங்க்கிடம் இருப்பது கந்தல் சட்டை. ஏறினால் குளிரில் நடுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறையும். இதற்கு என்ன வழி? மிளகாயைப் போட்டு ஏதாவது சமைத்துச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்துக்கு உடம்பு சூடாக இருக்கும். எரிகிற தீப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டே போகலாம். கீழே ஒரு முதியவர் இருக்கிறார், அவர் மறந்துபோன ஒரு சமையலை நாமே கண்டுபிடித்துச் செய்து கொடுத்தால் கதகதப்பான சட்டை தருவார். இது எதுவும் தெரியாமல், ஆப்பிளாகத் தின்று தின்று உயிரை நிரப்பிக்கொண்டு முரட்டுத்தனமாக ஏறுபவர்களும் உண்டு, அதுவும் செல்லும். சரியான விடை என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வாத்தியார் இந்தக் கேமில் இல்லை.

இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதன் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் குழுவினரும் 2017இல் கேம் வடிவமைப்பாளர்கள் மாநாடு ஒன்றில் விளக்கியிருக்கிறார்கள். பொருள்கள் விழுவது, உருள்வது, மோதுவது இவற்றுக்குப் பல கேம்களிலும் இயற்பியல் உண்டு. இவர்கள் அதோடு வேதியியல் மாதிரி ஒன்றையும் சேர்த்தார்கள். தீ, தண்ணீர், மின்சாரம், காற்று, குளிர் ஆகியவை ஒரு பக்கம். மரம், இரும்பு, புல், இறைச்சி, மனிதன் எல்லாம் மறுபக்கம். இவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதற்கு எளிமையான சில விதிகள். அந்த விதிகள் ஹைரூல் முழுக்க ஒன்றுதான், லிங்க்குக்கும் அதேதான், எதிரிக்கும் அதேதான். யோசனை சரிவருமா என்று பார்க்க, 1986இல் வந்த முதல் ஜெல்டா கேமின் தோற்றத்திலேயே தட்டையாக ஒரு சோதனைக் கேம் செய்து ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள்.

விளையாடும்போது இது எப்படித் தெரியும் என்றால், இடி மழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதுகில் இருக்கும் இரும்பு வாளில் பொறி பறக்க ஆரம்பிக்கும். உடனே கழற்றவில்லை என்றால் மின்னல் நம் தலையில்தான். சரி, அதே வாளை எதிரி முகாமின் நடுவில் தூக்கிப் போட்டால்? எவனாவது ஒருவன் எடுத்துப் பார்ப்பான், அப்புறம் அவன் இருக்க மாட்டான். காய்ந்த புல்லில் தீ வைத்தால் தீ பரவும், பரவும் தீயிலிருந்து சூடான காற்று மேலே கிளம்பும், அந்தக் காற்றில் பாராகிளைடரை, அதாவது லிங்க் பிடித்துக்கொண்டு மிதக்கும் துணிச் சிறகை, விரித்தால் ஜிவ்வென்று மேலே போகலாம். மழையில் தீப்பந்தம் அணையும், எரிமலைப் பக்கம் போனால் மர வில் தானாகவே பற்றிக்கொள்ளும். மண்டை ஓடு வடிவக் குகை ஒன்றில் எதிரிகள் உட்கார்ந்திருப்பார்கள், மேலே விளக்கு தொங்கும், கீழே வெடிமருந்துப் பீப்பாய்கள். விளக்கை அம்பால் அறுத்துவிட்டால் போதும் என்று எந்த இடத்திலும் எழுதியிருக்காது. நமக்கே தோன்றும், தோன்றிய நொடியில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வேறு எதில் வாங்குவது?

இந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை என் மகள்தான் காட்டினாள். கேமில் 120 சிறு கோயில்கள் உண்டு, பலவற்றின் உள்ளே ஒரு புதிர். ஒரு கோயிலில், கன்ட்ரோலரை நாம் எப்படிச் சாய்க்கிறோமோ அப்படியே ஒரு பெரிய பலகையும் சாயும், அதில் சுவர்கள் நிறைந்த வழிப்பின்னல், உள்ளே ஒரு பந்து. பார்த்துப் பார்த்துச் சாய்த்துப் பந்தை வெளியே கொண்டுவந்து எதிரே இருக்கும் சரிவில் விழச் செய்ய வேண்டும். அவள் அந்தப் பொறுமைக்கெல்லாம் ஆள் இல்லை. கன்ட்ரோலரை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள், பலகையும் திரும்பியது. அதன் அடிப்பக்கம் வழவழவென்று ஒரு சுவரும் இல்லாமல் இருந்தது. மேலிருந்து புதுப் பந்து வந்து விழுந்ததும் ஒரே தூக்கு, பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஏமாற்று வேலை என்று கேம் அவளைத் தடுக்கவில்லை, கதவு திறந்தது. உலகம் முழுக்க நிறையப் பேர் இதையே தாங்களாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆனால் அவளைப் பொறுத்தவரை அவள்தான் முதல் ஆள்.

நிலத்தை வடிவமைத்த விதமும் தற்செயல் இல்லை. மலை, குன்று, பாறை என்று எங்கு பார்த்தாலும் முக்கோண வடிவங்களாக வைத்திருக்கிறார்கள். முக்கோணம் முன்னால் நின்றால் ஏறுவதா, சுற்றிப் போவதா என்று நாம் முடிவெடுக்க வேண்டும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் கிட்டே போகும் வரை தெரியாது. ஏறும்போது அடுத்த முக்கோணம் கண்ணில் படும். கிளம்பின வேலை ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. தூரங்களைக் கணக்கிட ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை எடுத்து ஹைரூலின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார், இங்கிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உடம்புக்குத் தெரிந்த ஊர் என்பதால். இந்தத் தொடரைத் தொடங்கிய ஷிகெரு மியாமோட்டோவும் சின்ன வயதில் கியோட்டோவுக்கு அருகே மலையிலும் குகையிலும் சுற்றித் திரிந்த அனுபவம்தான் ஜெல்டாவின் விதை என்று சொல்லியிருப்பவர். ஏறக்குறைய எந்தச் சுவரிலும் ஏறலாம் என்று இந்தக் கேமில் வைத்தது அதனால்தானோ என்னவோ.

கடல் நடுவே தென்கிழக்கு மூலையில் ஒரு தீவு, ஈவன்டைட் என்று பெயர். வீம்புக்குத் தெப்பத்தில் ஏறிப் போய் இறங்கினால், அதுவரை சேர்த்த வாள், கேடயம், உடை, சாப்பாடு எல்லாம் பறிபோய்விடும். ஜட்டியோடு கரையில் நிற்போம். மூன்று உருண்டைகளை மூன்று பீடங்களில் வைத்தால்தான் எல்லாம் திரும்பக் கிடைக்கும், அதில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு ராட்சதனின் கழுத்தில் தொங்குகிறது. கையில் ஒரு குச்சி. ஆனால் இதற்குள் தீ எப்படிப் பரவும், எதிரி எப்போது தூங்குவான், எந்தக் காளான் எதற்கு ஆகும் என்பதெல்லாம் நமக்கே தெரிந்திருக்கும். லிங்க்கின் பையிலிருந்ததை எடுத்துக்கொண்டார்கள், நமக்குத் தெரிந்ததை எடுக்க முடியவில்லை. கேம் நமக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பதே அங்கே போய்த்தான் உறைக்கும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஆயுதங்கள் சும்மா சும்மா உடையும். இதைப் பற்றி ஆடுபவர்களுக்குள் இன்றும் அடிதடி உண்டு. உடையாவிட்டால் ஒரே வாளை வைத்துக்கொண்டு கடைசி வரை ஓட்டிவிடுவோம், அதனால் நியாயம்தான் என்பது என் கட்சி, ஆனாலும் நடுச்சண்டையில் நல்ல வாள் பொடிப்பொடியானால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. மழை இன்னும் மோசம். பாதி மலை ஏறியிருப்போம், மழை பிடிக்கும், கை வழுக்கும், ஒதுங்கி நின்று மழை விடக் காத்திருக்க வேண்டியதுதான். நான்கு பெரிய பாஸ்களும் (முக்கியக் கட்டங்களில் வரும் பெரிய எதிரிகள்) ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போலத்தான் இருக்கின்றன. கொரோக் என்ற இலைமுகக் குட்டிகள் நாடெங்கும் ஒளிந்திருக்கும், மொத்தம் 900. அத்தனையையும் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு, நாற்றமடிக்கும் ஒரு தங்கச் சுருள், பார்த்தால் என்னவென்று சொல்லாமலே புரியும். எல்லாவற்றையும் தேடி முடித்தே தீருவேன் என்று அலையாதே என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பெற்றோர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். போதை என்ற பயத்துக்குப் பெரிய காரணம் செல்போனில் வரும் இலவசக் கேம்கள். தினம் வந்து தலையைக் காட்டினால் பரிசு, காசு கட்டினால் சீக்கிரம் ஜெயிக்கலாம், நீ இல்லாதபோது உன் கோட்டையை எவனோ தாக்கிவிட்டான் என்று நடு ராத்திரியில் எழுப்பும் அறிவிப்பு. இந்தக் கேமில் அதெல்லாம் இல்லை. இணையம் தேவையில்லை, ஆடுவது ஒருவர் மட்டும், முன்பின் தெரியாத யாரும் உள்ளே வந்து பேச முடியாது. முதல் வருடத்தில் இரண்டு கூடுதல் பகுதிகளைத் தனியாக விற்றார்கள், அவை இல்லாமலே கேம் முழுமையானது. எந்த நேரத்திலும் நிறுத்தி வைக்கலாம், ஒரு மாதம் கழித்து வந்தாலும் லிங்க் விட்ட இடத்திலேயே நிற்பான். இதற்கும் அளவு வேண்டும்தான், இன்னும் ஒரே ஒரு மலை என்று சொல்லிச் சொல்லி விடிந்துவிடும் ஆபத்து இதிலும் உண்டு. ஆனால் அந்த ஆபத்து ஒரு நல்ல நாவலிலும் இருக்கிறது, அதற்காக நாவலை யாரும் மருத்துவரிடம் கொண்டுபோவதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வாரம் ஒரு முறை கால் பக்கம் போதும். கேம் விமர்சனம் என்று ஒன்று ஆரம்பியுங்கள். எந்த வயதுக்கு ஏற்றது, உள்ளே போனபின் காசு கேட்குமா, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா, புதியவர் ஒருவர் கன்ட்ரோலரைப் பிடித்தால் தடுமாறுவாரா, முக்கியமாக அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர் கேமை ஆடியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இடம் இல்லை என்றால் ராசிபலனை நான்கு வரி சுருக்கிக்கொள்ளுங்கள், நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
கேம் ஆடும் ஒரு வாசகர்