எல்லை தாண்டும் வெக்டர் படங்களைத் தாளுக்குள் அடக்குவது குறித்து: எங்கள் அச்சக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். தை முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலைகள் வரத் தொடங்கியுள்ள இவ்வேளையில், டிசைனைத் தாங்களே செய்து கோப்பாக அனுப்பும் வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதுவது நல்லது என்று கருதினோம். மாங்காய்க் கொடி, வாழைமரம், கோலம் போன்ற வெக்டர் படங்களை (புள்ளிகளால் அல்லாமல் கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன படங்களை) தாளின் விளிம்பில் வைக்கும்போது, எல்லைக்கு வெளியே நீண்டு நிற்கும் பகுதியை எப்படி வெட்டி நீக்குவது என்பதே அக்கேள்வி. காகிதத்தில் அச்சாகும் வேலை எதற்கும் அதை வெட்ட வேண்டியதில்லை, மறைத்தால் போதும் என்பது எங்கள் கருத்து. அப்படி மறைப்பதையும் தாளின் விளிம்போடு நிறுத்தாமல், அதற்கு 3 மி.மீ. வெளியே நிறுத்த வேண்டும்.

புகைப்படத்தை கிராப் செய்தால் வெளியே உள்ள புள்ளிகள் நீங்கிவிடுகின்றன. அதோடு வேலை முடிந்தது. வெக்டர் படத்திலோ ஒவ்வொரு மாங்காயும் ஒரு முழு வடிவம். தாளின் எல்லை அதன் நடுவே குறுக்கிட்டால், மென்பொருள் அந்த இடத்தில் புதிய புள்ளிகளைக் கணக்கிட்டு, வடிவத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. புகைப்பட மென்பொருளில் ஒரே சொடுக்கில் நடப்பது இங்கே அவ்வளவு எளிதாக நடக்காததற்கு இதுவே காரணம்.

மறைக்கும் வழி எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவையான அளவில் ஒரு செவ்வகம் வரைந்து, அதைப் படத்தின் மேலே வைக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் செவ்வகத்தையும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்து, கண்ட்ரோல் விசையுடன் 7-ஐ அழுத்தினால் கிளிப்பிங் மாஸ்க், அதாவது செவ்வகத்துக்கு வெளியே உள்ளதை மறைக்கும் முகமூடி, அமைந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் மெனுவில் உள்ள கிளிப் அதே வேலையைச் செய்கிறது. கோரல் டிராவில் பவர்கிளிப். கோரலில் மட்டும் ஒரு கவனம் தேவை: செவ்வகத்தின் அவுட்லைன் அப்படியே தங்கிவிடும் என்பதால், அதை நீக்காமல் அனுப்பினால் படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடும் சேர்ந்து அச்சாகும்.

3 மி.மீ. என்று நாங்கள் வற்புறுத்துவது வெறும் வழக்கத்துக்காக அல்ல. கட்டிங் மெஷினில் தாள்களைக் கனமான அடுக்காக வைத்து ஒரே இறக்கில் வெட்டுகிறோம். கத்தி இறங்கும்போது அடுக்கு சற்று நகர்வதால் தாளுக்குத் தாள் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ விலகல் வரக்கூடும். நிறம் சரியாக விளிம்போடு நின்றிருந்தால், விலகிய பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே 89 × 51 மி.மீ. விசிட்டிங் கார்டுக்கு மறைக்கும் செவ்வகம் 95 × 57 மி.மீ. ஆகவும், ஏ4 நோட்டீஸுக்கு 216 × 303 மி.மீ. ஆகவும் இருக்க வேண்டும். ஆர்ட்போர்டு, அதாவது மென்பொருளில் தாளைக் குறிக்கும் பக்கம், மட்டும் உண்மையான அளவிலேயே இருக்கட்டும். இந்த உபரிப் பகுதியைத்தான் ப்ளீட் என்கிறோம். படத்தை விளிம்போடு நிஜமாகவே வெட்டி அனுப்பிவிட்டால், எங்களால் அதை வெளியே இழுக்க முடியாது. முழு டிசைனையும் சற்றுப் பெரிதாக்குவதே மிஞ்சும் வழி. அப்போது எழுத்துகள் கத்திக்கு அருகே போய்விடுகின்றன. மாஸ்க் போட்டு அனுப்பிய கோப்பாக இருந்தால், செவ்வகத்தை மட்டும் பெரிதாக்கி நொடியில் சரிசெய்துவிடுவோம்.

விளிம்பை ஒட்டிக் கரை போடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு கோட்டின் தடிமன், நீங்கள் வேறாக மாற்றாதவரை, அதன் பாதையின் (கோடு வரையப்பட்ட தடத்தின்) இருபுறமும் சமமாகப் பரவும். ஆதலால் ஆர்ட்போர்டின் விளிம்பிலேயே வைத்த 2 மி.மீ. கரையில் 1 மி.மீ. மட்டுமே தாளில் எஞ்சும். கரை என்றால் விளிம்பிலிருந்து 4 அல்லது 5 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பதே எங்களுக்குப் பிடித்த முறை. வெட்டு சற்று விலகினாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

வினைல் ஸ்டிக்கர், லேசர் கட்டிங் வேலைகளுக்கு இவை பொருந்தா. ஸ்டிக்கரை வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் கத்தி நிறத்தைப் பார்ப்பதில்லை, பாதையைப் பின்பற்றுகிறது. மாஸ்குக்குள் மறைந்திருக்கும் பாதையையும் அது வெட்டிவிடக்கூடும். அங்கே உண்மையான வெட்டு அவசியம். இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில் உள்ள கிராப், மேலே வைத்த வடிவத்துக்கு வெளியே உள்ளவற்றை அழிக்கிறது. ஆனால் ஸ்ட்ரோக்குகளை, அதாவது பாதைமேல் தடிமன் கொடுத்து வரைந்த கோடுகளை, சேர்த்தே நீக்கிவிடும். ஸ்ட்ரோக்காக வரைந்த கோலம் முழுவதும் இப்படிக் காணாமல் போகும் என்பதால், முதலில் அவுட்லைன் ஸ்ட்ரோக் மூலம் கோடுகளை வடிவங்களாக்கிக் கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளையும் கர்வ்ஸ், அதாவது வெறும் வடிவங்கள், ஆக்கிவிடுங்கள். இதைச் செய்யுமுன் கோப்பின் நகலொன்றைத் தனியே வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம், ஏனெனில் சேமித்து மூடிய பின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

லோகோ போன்றவற்றுக்குத் தேவைப்படுவது இதன் மறுதலை: படத்தை வெட்டாமல், பக்கத்தையே படத்தின் அளவுக்குச் சுருக்குவது. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் ஆர்-ஐ அழுத்தலாம். இல்லஸ்ட்ரேட்டரில் ஆர்ட்போர்ட்ஸ் என்பதன் கீழ் ஃபிட் டு ஆர்ட்வொர்க் பவுண்ட்ஸ் இருக்கிறது. சுருக்கிய பின்னும் ஓரத்தில் காரணமில்லாத வெற்றிடம் தெரிந்தால், வெள்ளை நிறத்தில் ஏதேனும் பெட்டி மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

மறைத்தது அழிந்ததாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்குக்குள் கிடக்கும் பழைய விலைப்பட்டியலோ தொலைபேசி எண்ணோ திருத்தக்கூடிய மூலக் கோப்பான ஓப்பன் ஃபைலைப் பெறுபவர் எவருக்கும் கிடைக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோலுடன் ஒய்-ஐ அழுத்தினால் மறைந்திருக்கும் வடிவங்களெல்லாம் கோட்டுருவில் தெரியும். கோப்பை வெளியாருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை இப்படிப் பார்த்துத் தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள். ஆர்ட்போர்டுக்கு வெளியே உள்ளதை மறைத்துக் காட்டும் ட்ரிம் வியூ திரையில் சுத்தமாகக் காட்டுவதை நம்ப வேண்டாம், அது பார்வைக்கு மட்டுமே.

கோப்பை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், இல்லஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போது மார்க்ஸ் அண்ட் ப்ளீட்ஸ் பகுதியில் ப்ளீட் 3 மி.மீ. என இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் மாதிரி காட்டுவதற்கு பி.என்.ஜி. எடுப்பவர்கள் யூஸ் ஆர்ட்போர்ட்ஸ் என்பதில் டிக் வைத்தால், வெளியே நீண்ட பகுதி படத்தில் வராது. ஸ்டிக்கர் வேலைகளுக்கு மட்டும் ஓப்பன் ஃபைலையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பிரிவினர்