பன்னாட்டு மாணவர் குழுத் திட்டப்பணிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்னும் பாடத்துக்காக வெவ்வேறு நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களை ஒரே குழுவில் சேர்த்து, ஒருவரையொருவர் நேரில் காணாமல் இணையம் வழியாகவே ஓர் ஆய்வறிக்கையைத் தயாரிக்கச் செய்யும் திட்டப்பணிகளை நீங்கள் நடத்தி வருகிறீர்கள். அப்படிப்பட்ட குழுவொன்றில் ஒரு பருவம் முழுவதும் பணியாற்றிய மாணவி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இத்திட்டப்பணிகள் தொடர வேண்டும், இன்னும் பல கல்லூரிகளுக்குப் பரவ வேண்டும் என்பதே என் விருப்பம். அதனாலேயே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவினருக்கு இடையே உள்ள தொலைவை எப்படியாவது சமாளித்துத் தீர வேண்டிய இடைஞ்சலாகவே உங்கள் வழிகாட்டி ஏடுகள் பார்க்கின்றன. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அந்தத் தொலைவுதான் எங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆய்வுக் கருவி. அதைப் பயன்படுத்த இடம் தரும்படி திட்டப்பணியை மாற்றியமையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வைக் கொண்டே விளக்க முடியும். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பால்தியா பகுதியில் இருந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். சன்னல்களுக்குக் கம்பி போடப்பட்டிருந்தது. வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்னும் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அங்கே தைக்கப்பட்ட துணிகளைப் பெருமளவில் வாங்கியது கிக் என்ற ஜெர்மானிய நிறுவனம். உறவினரை இழந்த மூவரும் உயிர்பிழைத்த ஒருவரும் அந்த நிறுவனத்தின் மீது ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் 2015இல் வழக்குத் தொடுத்தனர். பாகிஸ்தான் சட்டப்படி காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி அந்நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதற்கிடையே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முன்னின்று நடத்திய பேச்சின் விளைவாக, 50 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டுத் தொகைக்கு அந்நிறுவனம் 2016இல் ஒப்புக்கொண்டது. தீ திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று கராச்சியின் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்து இருவருக்கு மரண தண்டனை விதித்தது.

ஒரே நிகழ்வைப் பற்றி எத்தனை நாடுகளில், எத்தனை மொழிகளில், எத்தனை வகையான ஆவணங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். தீ எப்படித் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. தொடங்கிய தீயிலிருந்து அத்தனை பேரால் ஏன் வெளியேற முடியவில்லை என்பது வேறு கேள்வி. வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை நீள்கிறது என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடையை ஒரு நாட்டின் குற்றவியல் நீதிமன்றத்திலும், மூன்றாவதற்கு விடையை இன்னொரு நாட்டின் உரிமையியல் நீதிமன்றத்திலும் தேட வேண்டும். இரண்டாவதற்கான விடை, தொழிலாளர் அமைப்புகள் உள்ளூர் மொழிகளில் பதிவுசெய்த வாக்குமூலங்களிலும் செய்தித்தாள்களிலும் கிடக்கிறது. ஒரே ஊரில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்து மாணவர்கள் இவையனைத்தையும் படித்துவிட முடியாது. உருது படிப்பவர் ஒருவர், ஜெர்மன் படிப்பவர் ஒருவர், சான்றிதழ் நிறுவனங்களின் ஆவணங்களை அலசத் தெரிந்தவர் ஒருவர் எனச் சேர்ந்த குழுவால் முடியும். நீங்கள் அமைத்துத் தரும் குழுக்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். ஆனால் அந்தக் குழுக்களிடம் நீங்கள் கேட்கும் வேலை இதுவாக இருப்பதில்லை.

எங்கள் குழு ஆராய்ந்தது வேறொரு நிறுவனத்தை. தொழிற்சாலைகள் இருக்கும் நாட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர், அந்நிறுவனத்துக்குப் பொருள் தயாரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத் தொழிற்சாலை மீது அவர் நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நடந்த கூலிப் பாக்கி வழக்கின் தீர்ப்பைத் தேடியெடுத்துப் படித்தார். தொழிற்சாலையின் வேலை நிலைமைகளைச் சோதிக்க வரும் தணிக்கையாளருக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவேடும், உண்மையில் வேலை வாங்கிய மணிக்கணக்கைக் குறிக்க இன்னொரு பதிவேடும் வைத்திருந்தார்கள் என்பது அத்தீர்ப்பில் இருந்தது. அதன் சாரத்தை இரண்டு பத்திகளில் பகிர்வு ஆவணத்தில் எழுதினார். மறுநாள் அந்தப் பத்திகளின் ஓரத்தில் வேறொரு நாட்டு மாணவரின் குறிப்பு இருந்தது: "நிறுவனத்தின் அறிக்கையில் இது இல்லை. ஆங்கிலத்தில் ஆதாரம் கிடைக்குமா? இல்லையென்றால் எடுத்துவிடலாம்." எழுதியவர் "சரி" என்று மட்டும் பதிலிட்டார். மாலைக்குள் இரண்டு பத்திகளும் ஆவணத்தில் இல்லை.

குறிப்பை எழுதியவர் மீது எனக்கு வருத்தமில்லை. எல்லோராலும் சரிபார்க்கக்கூடிய ஆதாரங்களுக்கே மதிப்பெண் என்று மதிப்பீட்டு அட்டவணை சொன்னது. அவர் அதைப் பின்பற்றினார். குழு முழுவதும் ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய ஆதாரம் எது? சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தான் செய்வதைப் பற்றிப் பளபளப்பான தாளில் நிறுவனமே வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கை. ஆக, ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து உழைத்து, நிறுவனம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறதோ அதையே திரும்ப எழுதிக் கொடுத்தோம். நிறுவனத்தின் பொறுப்புகளைப் பொருளாதாரம், சட்டம், அறநெறி, கொடை என்று அடுக்கிக் காட்ட 1991இல் மேலாண்மை அறிஞர் ஆர்ச்சி கரோல் வகுத்த நான்கடுக்குப் பிரமிடை முதல் பக்கத்தில் வரைந்து, அறிக்கையின் வாசகங்களை அடுக்கடுக்காக அதில் நிரப்பினோம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த மதிப்பெண்தான் எனக்குக் கவலையளிக்கிறது.

எனவே என் முதல் வேண்டுகோள் மதிப்பீட்டு அட்டவணையைப் பற்றியது. அறிக்கையின் மையமான முடிவுகள் ஒவ்வொன்றுக்கும், ஆராயப்படும் நிறுவனமோ அது பணம் கொடுத்து அமர்த்திய தணிக்கையாளரோ எழுதாத ஆதாரம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விதியுங்கள். உள்ளூர் மொழி ஆவணத்தைக் குழுவில் ஒருவர் படித்துச் சாரமெழுதினால், மூலத்தின் படியை இணைத்து, அந்த மொழி தெரிந்த உங்கள் கூட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் சரிபார்த்தால் போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது இது கடினமான ஏற்பாடு அன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் கீழ், உறுப்பு நாடுகளில் தேசியத் தொடர்பு மையங்கள் இயங்குகின்றன. நிறுவனங்கள் மீது தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் தரும் புகார்களைப் பற்றி அவை வெளியிடும் அறிக்கைகள் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன. எங்கள் பருவத்தில் இப்படியொன்று இருப்பதைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சட்டங்களை ஒப்பிடச் சொல்வதும் பயன் தரும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பிரான்சின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டமும், பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் வழங்குவோரிடம் நேரக்கூடிய மனித உரிமைத் தீங்குகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கின்றன. முதலாவது, ஈட்டிய லாபத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்று கேட்கிறது. மற்றவை லாபம் எப்படி ஈட்டப்படுகிறது என்று கேட்கின்றன. இவ்விரு வகைச் சட்டங்களின் கீழும் வளர்ந்தவர்கள் ஒரே குழுவில் இருக்கும்போது, பொறுப்பு என்றால் என்ன என்பதில் அவர்களிடையே எழும் கருத்து வேறுபாடே ஆய்வின் நல்ல தொடக்கமாக இருக்க முடியும். எங்கள் குழுவில் அந்த வேறுபாடு எழுந்தபோது, நேரமில்லை என்று சொல்லி வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிட்டோம்.

அடுத்து, குழு வேலை செய்யும் முறை. 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற, வணிகத்துக்கும் மனித உரிமைகளுக்குமான வழிகாட்டுக் கோட்பாடுகள் 31ஐயும் நீங்கள் எங்களைப் படிக்கச் சொல்கிறீர்கள். பாதிக்கப்படக்கூடியவர்களோடு பொருள்பொதிந்த முறையில் கலந்துபேச வேண்டும் என்று 18ஆம் கோட்பாடு சொல்கிறது. குறைதீர்க்கும் ஏற்பாடு எளிதில் அணுகக்கூடியதாகவும், அடுத்து என்ன நடக்கும் என்று முன்னரே தெரிந்ததாகவும், வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும் என்று 31ஆம் கோட்பாடு சொல்கிறது. இவற்றைப் படித்துவிட்டுத் திட்டப்பணியின் கூட்டத்துக்கு வரும் மாணவர், தன் நேரத்தைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்பதைக் காண்கிறார்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும்போது இது அற்பமாகத் தெரியும். நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 9 மணிக்கு வைக்கும் கூட்டம் லண்டனில் பிற்பகல் 2 மணி, இந்தியாவில் இரவு 7.30, டோக்கியோவில் இரவு 11. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது. ஐரோப்பா அம்மாதக் கடைசி ஞாயிறன்றுதான் நகர்த்துகிறது. இந்தியாவும் ஜப்பானும் நகர்த்துவதே இல்லை. இடைப்பட்ட வாரங்களில் எந்தக் கூட்டம் யாருக்கு எத்தனை மணிக்கு என்று குழப்பம் வந்து, தாமதமாக வந்தவர் பொறுப்பற்றவர் என்ற பெயரெடுக்கிறார். இதைவிட முக்கியமானது, பருவம் முழுவதும் கூட்டநேரம் ஒருவருக்கே வசதியாகவும் இன்னொருவருக்கே நள்ளிரவாகவும் இருப்பது. நள்ளிரவில் பேசுபவர் குறைவாகப் பேசுகிறார். குறைவாகப் பேசுபவரின் கருத்து அறிக்கையில் குறைவாக இடம்பெறுகிறது. நான் கேள்விப்பட்ட குழுக்களில் எல்லாம் நள்ளிரவில் பேச நேர்ந்தவர், பொருள் தயாராகும் நாட்டிலிருந்து வந்த மாணவர்தான். அவர் களைத்துப்போனால் தொழிற்சாலைப் பக்கத்துச் செய்தியும் அறிக்கையிலிருந்து நழுவிப்போகிறது. கூட்டநேரம் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்றும், முடிவுகள் கூட்டத்தில் மட்டும் எடுக்கப்படாமல் எழுத்தில் இரண்டு நாள் திறந்திருந்து பின்னர் உறுதிப்பட வேண்டும் என்றும் நீங்களே விதியாக வைத்தால், அதைக் கேட்க வேண்டிய சங்கடம் எந்த மாணவருக்கும் வராது.

பங்களிப்பை அளக்கும் முறையும் மாற வேண்டும். பகிர்வு ஆவணத்தின் திருத்த வரலாற்றைப் பார்த்து யார் எவ்வளவு உழைத்தார் என்று முடிவுசெய்கிறீர்கள். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர் தனியே ஒரு கோப்பில் எழுதிவைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக ஒட்டுகிறார். வரலாற்றில் அது ஒரே ஒரு திருத்தமாகத் தெரிகிறது. அடுத்தவர் எழுதியதில் காற்புள்ளியும் எழுத்துப் பிழையும் திருத்தியவர் பெயர் பக்கம் முழுக்க நிற்கிறது. கேமராவை அணைத்து வைத்தவருக்கு ஈடுபாடு இல்லை என்று சகமாணவர் மதிப்பீட்டில் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்; அவருக்குத் தனியறை இல்லை, அல்லது படம் வந்தால் குரல் நின்றுவிடுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் படிவத்தில் இடமில்லை. அந்தச் சகமாணவர் மதிப்பீடு பருவத்தின் இறுதியில் ஒருமுறைதான் நடக்கிறது. அப்போது குறை சொன்னால் யாருக்கும் தீர்வு கிடைக்காது, ஒருவருடைய மதிப்பெண் மட்டும் குறையும். மூன்றாவது வாரத்திலேயே, மதிப்பெண்ணோடு தொடர்பில்லாமல், வேறொரு பல்கலைக்கழக ஆசிரியரிடம் குறையைச் சொல்ல ஒரு வழி வையுங்கள். எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

தொடக்கத்தில் நடத்தப்படும் பண்பாட்டு வேறுபாடுகள் குறித்த வகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்த நாட்டவர் இப்படிப் பேசுவார், அந்த நாட்டவர் அப்படி மௌனம் காப்பார் என்ற பட்டியலைவிட, குழுவில் ஒவ்வொருவரும் எந்நேரத்தில், எந்த வசதியோடு, எந்தெந்த மொழிகளில் படிக்க முடியும் என்று எழுதிப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பக்கம் எங்களுக்கு அதிகம் உதவியிருக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உள்ளூர் ஆதாரங்களைத் தேடச் சொல்லுங்கள் என்று நான் கேட்பதை, மாணவர்களைத் தொழிற்சாலை வாசலுக்கு அனுப்பித் தொழிலாளர்களிடம் பேட்டி எடுக்கச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். யாரிடம் பேசினார் என்பது மேலாளருக்குத் தெரிந்தால் வேலையை இழப்பவர் அந்தத் தொழிலாளர். சில நாடுகளில் கேள்வி கேட்ட மாணவருக்கும் ஆபத்து உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகள், தொழிலாளர் துறை ஆய்வறிக்கைகள், தொழிற்சங்க வெளியீடுகள், நாளிதழ்கள் என ஏற்கனவே பொதுவெளியில் உள்ளவற்றுக்குள் ஆய்வு நிற்கட்டும். அதைத் தாண்ட வேண்டுமானால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரையும் அனுப்பாதீர்கள். தன் பெயர் அறிக்கையின் குறிப்பிட்ட பகுதியோடு சேர்ந்து வெளிவருவதை விரும்பாத மாணவருக்கு, மதிப்பெண் குறையாமல் பெயரை விலக்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய மென்பொருளோ கூடுதல் நிதியோ தேவைப்படாது. ஆசிரியர்களின் நேரம் தேவைப்படும் என்பதை அறிவேன். உள்ளூர் மொழி ஆதாரங்களைச் சரிபார்க்கும் ஆசிரியர்களின் பணியை அவர்களுடைய கற்பித்தல் நேரத்தில் கணக்கிட உங்கள் துறைகள் முன்வர வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறேன். அடுத்த பருவத்துக்கான வழிகாட்டி ஏடும் மதிப்பீட்டு அட்டவணையும் இறுதியாகும் முன், அவற்றின் வரைவை முந்தைய குழுக்களில் பங்கேற்ற மாணவர்களுக்கு அனுப்பி, கருத்துச் சொல்ல மூன்று வாரமாவது அவகாசம் தாருங்கள். கருத்துகளை அவரவர் மொழியிலேயே எழுதவும் இடம் கொடுங்கள்.

மரியாதையுடன்,
பன்னாட்டுக் குழுத் திட்டப்பணியில் பங்கேற்ற மாணவி ஒருவர்