ஏலகிரிக்கு பஸ்ஸில் வருகிறவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் பத்திரிகையில் ஊட்டி மலர்க்கண்காட்சி, கொடைக்கானல் ஏரி, மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் கார்கள், இ-பாஸ் என்று இதே செய்திகள்தான் வருகின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இந்த இரண்டு மலைகளுக்கும் வண்டியில் போக இணையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்கிற இ-பாஸ் வந்தது. அடுத்த கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. நல்ல முடிவு, அந்த மலைகள் அதற்கு மேல் தாங்காது. ஆனால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற எங்களுக்கு ஊட்டி எதற்கு? ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, இரண்டுக்கும் காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த மலைகளை இந்த மாவட்டத்துச் சாதாரண ஜனங்கள் நிம்மதியாக ஒரு நாள் அனுபவித்துவிட்டு வர வழி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர்களில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலை, பீடி சுற்றுவது என்று இதில்தான் பிழைப்பு. ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒரு நாள் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்து, கறி எடுத்து சமைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். இப்படிப்பட்ட குடும்பம் ரூம் போட்டு இரண்டு நாள் தங்கப் போவதில்லை. அவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் டிபன் கேரியரில் புளிசாதம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவதுதான். அதற்கு ஏலகிரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஏலகிரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் ஒரு குறை, "அங்கே குளிரே இல்லையே" என்பது. அது உண்மைதான், ஏனென்றால் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், ஊட்டியில் பாதி கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு, திருப்பத்தூரே கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மேலே போனால் நாலைந்து டிகிரிதான் குறையும். கீழே 41 டிகிரி என்றால் மேலே மத்தியானம் 36, 37. அதனால் ஏலகிரியை அனுபவிக்க நேரம் தெரிந்து போக வேண்டும். காலை பத்து மணிக்குள்ளும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் அந்த மலை வேறு மாதிரி இருக்கும். நடு மத்தியானத்தில் ஒரு மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட வேண்டியதுதான், அந்தக் காற்றில் வரும் தூக்கத்துக்கு ஈடே கிடையாது.

மலைப்பாதையே ஒரு சுகம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்களும், பாரி, காரி, ஓரி, பேகன், அதியமான் என்று வள்ளல்களும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தது யார், மயிலுக்குப் போர்வை கொடுத்தது யார் என்று அப்பாவிடம் கேட்பார்கள், அப்பா முழிப்பார், பின் சீட்டிலிருந்து யாராவது ஒரு பெரியவர் பதில் சொல்வார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

மேலே போனால் புங்கனூர் ஏரி. படகு ஓட்டலாம், சுற்றி நடக்கலாம், பக்கத்துப் பூங்காவில் உட்காரலாம். என்னைக் கேட்டால் படகை விட ஏரியைச் சுற்றி நடப்பதுதான் அருமை, முக்கியமாகக் காலையில், தண்ணீர் ஆடாமல் கிடக்கும்போது மீன்கொத்தி ஒன்று கம்பியிலிருந்து விழுந்து மீனோடு மேலே வருவதைப் பார்க்கலாம். அப்புறம் நிலாவூர் பக்கம் போனால் இன்னொரு சின்ன ஏரி, அங்கே கூட்டம் குறைவு. மே, ஜூன் மாதத்தில் வழியெல்லாம் பலாப்பழம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பாட்டிமார் சுளை எடுத்துக் கொடுக்கிற வேகத்தைப் பார்ப்பதற்கே நின்று வாங்கலாம். பதினாலு சிற்றூர்கள் இருக்கிற மலை அது, அங்கே வாழ்கிறவர்களுக்குச் சீசனில் நாலு காசு கிடைப்பது இப்படி நேரில் வாங்கினால்தான், ரிசார்ட்டுக்குள்ளேயே தின்று தூங்கிவிட்டுப் போகிறவர்களால் அந்தப் பாட்டிக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஏலகிரியிலேயே இருக்கிற சுவாமிமலைச் சிகரத்துக்கு மங்களம் கிராமத்திலிருந்து நடை. 4,300 அடிக்கு மேல் உயரம், உச்சியில் பாறை, சுற்றிலும் பார்த்தால் ஜோலார்பேட்டை ரயில் பாதை வரை தெரியும். இந்த நடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம் என்று ஆக்கியது, சுவாமிமலையும் அதில் ஒன்று. கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும், அதனால் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இணையத்தில் பதிய வேண்டும் என்பதே தெரியாமல் பஸ் ஏறி வந்து, அடிவாரத்தில் நின்று திரும்பிப் போகிற குடும்பங்களை என்ன சொல்வது? ஏலகிரி மேலே அத்தனாவூரில் பஸ் நிற்கிற இடத்தில் எந்தப் பாதை இன்று திறந்திருக்கிறது, எங்கே பதிய வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று தமிழில் பெரிதாக ஒரு பலகை வையுங்கள். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே வேண்டாம். அவர்கள் மலையை அவர்கள் பார்க்கட்டும்.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நெடுஞ்சாலையில் வருகிற கார்கள் எல்லாம் இங்கேதான் திரும்புகின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரம்பு வந்த பிறகு இன்னும் கூடும் என்றுதான் நினைக்கிறேன். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது பேரைக் கூட்டி வருகிற ஒரு பஸ், பத்துக் கார் அடைக்கிற இடத்தில் கால்வாசிதானே அடைக்கிறது? கோடை மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை ரயில் நிலையம் மூன்று இடத்திலிருந்தும் விடிகாலையிலேயே பஸ் விடுங்கள், சாயங்காலம் கடைசி பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நாலு மணிக்கு மேல்தான் மலை குளிர ஆரம்பிக்கிறது, அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் இடம் பிடிக்க அம்மாமார்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஏரியைச் சுற்றிய ரோட்டில் காலை இரண்டு மணி நேரமாவது வண்டி விடாமல் நடக்கிறவர்களுக்கு விடுங்கள். பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை வேண்டும், இது இல்லாததால்தான் எத்தனையோ பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைகிறார்கள்.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். அது பழகிப்போய் ரோட்டிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டே அடிபட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் பாட்டில் உடைக்காதீர்கள், வெறுங்காலோடு மாடு மேய்க்கிறவர்கள் இருக்கிற ஊர் அது.

மலைக்கு வர முடியாத பிள்ளைகள் கீழே இருக்கிற ஏரி, கிணறு, கல்குவாரிக் குட்டைகளில்தான் லீவு முழுக்கக் கிடக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் உங்கள் பத்திரிகையிலேயே இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை மூழ்கிப் போன செய்தி வருகிறது, அதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும். ஏரியில் மண் அள்ளிய இடத்தில் திடீரென்று ஆள் ஆழத்துக்குக் குழி, மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், ஒரு எட்டு எடுத்து வைத்தால் காலுக்கு அடியில் தரை இருக்காது. ஒருவன் இறங்குவான், அவனைப் பிடிக்க இன்னொருவன் இறங்குவான், இரண்டு பேருமே போய்விடுவார்கள். "தண்ணி பக்கம் போகாதே" என்று மிரட்டி எந்தப் பையனையும் மே மாதத்தில் தடுக்க முடியாது. மண் எடுத்த குழிகளைச் சுற்றிக் கொடியாவது நட்டு வையுங்கள். ஊருக்கு ஒரு பத்திரமான கரையைத் தேர்ந்தெடுத்து, நீச்சல் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளம் போட்டு நிறுத்தி, லீவு முழுக்கக் காலையில் நீச்சல் சொல்லிக் கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வைத்து.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று கண்டுபிடித்தபோது அதைப் பார்த்துப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும், கோடைதான் வானம் பார்க்கத் தோதான காலம். மலை, காற்று, தலைக்கு மேல் நட்சத்திரம், இதைவிட ஒரு பிள்ளைக்கு லீவில் என்ன காட்ட முடியும்? ஆனால் ராத்திரி அங்கிருந்து திரும்ப பஸ்ஸை நம்பிப் போக முடியாது, சொந்த வண்டி இருக்கிறவன்தான் போகிறான்.

வருஷா வருஷம் கோடை விழாவுக்கு மேடை, பந்தல், சீரியல் லைட் என்று செலவு செய்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து ஏப்ரல், மே, ஜூன் சனிக்கிழமைகளில் திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சாயங்காலம் ஒரு பஸ், வானம் பார்த்து முடிந்ததும் திரும்பி வர அதே பஸ் விடலாம். மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் பேசி இந்த மே மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பத்தூர்.